அலமாரியில் இல்லாதவர் கணக்கு

திருநெல்வேலியில் சொந்த வீடு வைத்திருப்பவர் யாராக இருந்தாலும் நூலகத்துக்குப் பணம் கட்டுகிறார். சொத்து வரியோடு சேர்ந்தே நூலக வரியும் போய்விடுகிறது. மேலப்பாளையத்தில் பீடி சுற்றிச் சேர்த்த காசில் இரண்டு அறை கட்டியவரும் கட்டுகிறார், பாளையங்கோட்டையில் மாடிமேல் மாடி எடுத்தவரும் கட்டுகிறார். மாவட்ட மைய நூலகத்தின் படியை ஒரு நாளும் மிதிக்காதவருக்கும் விலக்கு கிடையாது. 1948இல் வந்த சென்னைப் பொது நூலகச் சட்டம் செய்த ஏற்பாடு இது. சுதந்திர இந்தியாவின் முதல் நூலகச் சட்டம். அன்றைய கல்வி அமைச்சர் தி.சு. அவினாசிலிங்கம் செட்டியார் கொண்டுவந்தார், அதன் பின்னால் எஸ்.ஆர். ரங்கநாதனின் பல வருட உழைப்பு இருந்தது.

பணம் எல்லோரிடமும் வாங்கியாகிவிட்டது. அப்படியானால் அலமாரியில் எல்லோரும் இருக்கிறார்களா?

அமெரிக்க நூலகங்களில் இந்தக் கேள்வியை ஒரு முறையான வேலையாகவே செய்கிறார்கள். 'டைவர்சிட்டி ஆடிட்' என்று பெயர். நாம் பன்மைத் தணிக்கை என்று வைத்துக்கொள்ளலாம். பட்டியலை எடுத்து, அல்லது அலமாரிக்கு இத்தனை புத்தகம் என்று உருவி, ஒவ்வொன்றுக்கும் எதிரே குறிப்பார்கள்: எழுதியவர் யார், கதையின் நடுவில் நிற்பவர் யார், எந்த மொழி, எந்தப் பதிப்பகம், எந்த வருடம், எத்தனை முறை இரவல் போயிற்று. பிறகு அந்த ஊரின் மக்கள்தொகைக் கணக்கைப் பக்கத்தில் வைத்துப் பார்ப்பார்கள். எங்கே பள்ளம் என்று தெரிந்துவிடும். அடுத்த ஆண்டு வாங்கும் பட்டியல் அந்தப் பள்ளத்தைப் பார்த்துப் போடப்படும்.

இதன் பிறப்பை அமெரிக்காவில் வைத்துத்தான் எல்லோரும் சொல்வார்கள். அதில் நியாயம் உண்டு, அதற்கு வருகிறேன். ஆனால் இந்தக் கணக்கின் முக்கியமான உறுப்புகள் சில தமிழ்நாட்டில் முளைத்தவை. ஒன்று பாளையங்கோட்டையிலேயே முளைத்தது.

தமிழ்ப் புத்தகங்களை முதன்முதலாக ஒட்டுமொத்தமாக எண்ணியவர் ஒரு ஸ்காட்லாந்துக்காரர். ஜான் மர்டாக். கண்டியில் அரசுப் பள்ளி நடத்த 1844இல் இலங்கைக்கு வந்தவர், பிறகு கிறிஸ்தவக் கல்விச் சங்கம் ஒன்றின் வேலையாகச் சென்னையில் தங்கிவிட்டார். 1865இல் அச்சில் வந்த தமிழ் நூல்களையெல்லாம் வகைப்படுத்தி ஒரு அட்டவணை வெளியிட்டார். புராட்டஸ்டண்ட், கத்தோலிக்கர், இஸ்லாமியர், சைவம், வைணவம், வேதாந்தம் என்று சமயத்தில் தொடங்கி மருத்துவம், சோதிடம், நாடகம் வரை பிரித்துப் போட்டார். ஒவ்வொரு பிரிவுக்கும் முன்னால் ஒரு விளக்கம்.

யாருடைய புத்தகம் எவ்வளவு என்று தமிழில் முதன்முதலாகக் கண்ணுக்குத் தெரிந்தது அப்போதுதான். மர்டாக்கின் நோக்கம் பொதுநலம் இல்லை. எதிர்த்தரப்புக் கையில் என்னென்ன இருக்கிறது, நம் தரப்பில் எது குறைகிறது என்று மிஷன் அறிந்துகொள்ளவே எண்ணினார். தமக்குப் பிடிக்காத நூல்களைப் பற்றி முகஞ்சுளித்தும் எழுதினார். ஆனாலும் கணக்கு கணக்குதான். இன்றைக்கும் பத்தொன்பதாம் நூற்றாண்டுத் தமிழ் அச்சைப் பற்றிப் பேசுகிறவர் மர்டாக்கைத் தாண்டிப் போக முடியாது.

அவர் கண்ட அலமாரி ஒரு பக்கம் சாய்ந்திருந்தது. காரணம் சிக்கலானதல்ல. 1835 வரை இந்தியர் தாராளமாக அச்சகம் வைத்துக்கொள்ள வழியில்லை. கவர்னர் ஜெனரலாக இருந்த மெட்காஃப் அந்தத் தடையை எடுப்பதற்குள் மிஷன்கள் வெகுதூரம் போய்விட்டன. பாளையங்கோட்டையில் 1820இல் வந்திறங்கிய ரேனியஸ் பாதிரியார் இரண்டே வருடத்தில் துண்டுப்பிரசுரச் சங்கம் தொடங்கிவிட்டார். தாமிரபரணிக் கரையில் அச்செழுத்து என்றால் முதலில் மிஷன் எழுத்துதான். ஆக, 1865இல் எண்ணினால் மிஷன் நூல் அதிகமாக வரும். அதை வைத்து இந்த ஜனங்கள் மிஷன் நூலைத்தான் அதிகம் படித்தார்கள் என்று யாராவது முடிவுகட்டினால் அது அபத்தம்.

மர்டாக் எண்ணிக்கொண்டிருந்த அதே சமயத்தில், திருநெல்வேலிக்குத் தெற்கே அய்யாவழி வழிபாட்டிடங்களான நிழல் தாங்கல்களில் அகிலத்திரட்டு அம்மானையை ஓலையில் வாசித்துக்கொண்டிருந்தார்கள். அய்யா வைகுண்டரின் சீடர் அரிகோபாலன் 1841இல் எழுதியது. சாதிக்கொடுமையில் நொந்த மக்கள் ஆயிரக்கணக்கில் கூடிக் கேட்ட நூல். அது அச்சேறியது 1939இல். மர்டாக்கின் அட்டவணையில் அது இருக்க வாய்ப்பே இல்லை. அச்சை மட்டும் எண்ணினால் ஒரு முழுச் சமய இயக்கம் கண்ணுக்குத் தெரியாமல் போகும் என்பதற்கு இதைவிடப் பக்கத்து உதாரணம் வேண்டாம்.

இருப்பதை எண்ணுவது ஒரு பாதி. இல்லாததைக் கேட்பது மறுபாதி. இந்த இரண்டாவது பாதி தமிழில் பிறந்த நாளுக்குத் தேதியே உண்டு. 1880 அக்டோபர் 21, வியாழக்கிழமை, கும்பகோணம். ஊருக்குப் புதிதாக வந்த முன்சீப் சேலம் இராமசாமி முதலியாரைப் பார்க்கக் கல்லூரித் தமிழாசிரியர் உ.வே. சாமிநாதையர் போகிறார். என்ன படித்திருக்கிறீர்கள் என்று முதலியார் விசாரிக்கிறார். ஐயர் அந்தாதி, பிள்ளைத்தமிழ், உலா, கோவை, தலபுராணம் என்று அடுக்குகிறார். மகாவித்துவான் என்று பெயர்பெற்ற ஆசிரியரிடம் பாடம் கேட்டவர், திருவாவடுதுறை மடத்தில் வளர்ந்தவர், பட்டியல் நீளமாகத்தான் இருக்கும். முதலியார் அசையவில்லை. சிந்தாமணியும் மணிமேகலையும் படித்ததுண்டா என்று கேட்டுவிட்டார். ஐயருக்கு அது சுருக்கென்று தைத்ததை அவரே 'என் சரித்திர'த்தில் எழுதியிருக்கிறார்.

இதைத் தமிழ் மறுமலர்ச்சியின் கதையாகத்தான் சொல்லிப் பழகியிருக்கிறோம். என் கண்ணுக்கு இது ஒரு நூல் தொகுப்பைத் தணிக்கை செய்த கதையாகவும் படுகிறது. அளவில் குறையே இல்லாத படிப்பு, ஆனால் அத்தனையும் ஒரே கூரையின் கீழ் வளர்ந்தது. சமணமும் பௌத்தமும் அதில் இல்லை, அவை இல்லை என்ற நினைப்பும் இல்லை. வெளியிலிருந்து வந்த ஒருவர் கேட்டபோதுதான் பள்ளம் பள்ளமாகத் தெரிந்தது. அதற்கப்புறம் சைவ மடத்து மாணவர் சமணர் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து பாடம் கேட்டார். 1887இல் சீவக சிந்தாமணி வந்தது.

அடுத்தது பத்துப்பாட்டு. அதற்கு ஏடு தேடித்தான் ஐயர் நம் பக்கம் வந்தார். நெல்லையிலும் ஸ்ரீவைகுண்டத்திலும் ஆழ்வார்திருநகரியிலும் கவிராயர் குடும்பங்கள் பரம்பரை பரம்பரையாக ஏடுகளைக் காத்து வைத்திருந்தன. ஆழ்வார்திருநகரியில் இலட்சுமண கவிராயர் வழியாகக் கிடைத்த ஏடு இல்லையென்றால் 1889இல் வந்த பத்துப்பாட்டு வேறு மாதிரி இருந்திருக்கும். அங்கே வைணவக் கவிராயர் வீட்டில் சங்கப் பாட்டு இருந்தது. கரிவலம்வந்தநல்லூர்க் கோயிலில் இருந்த பழைய ஏடுகளைப் பற்றி விசாரித்தபோதோ, ஆகம முறைப்படி நெய்யில் தோய்த்து ஹோமத்தில் இட்டுவிட்டதாகப் பதில் வந்தது. அந்தக் கோயிலில் என்னென்ன இருந்தன என்று இனி எந்தத் தணிக்கையாலும் சொல்ல முடியாது. சிதைந்த ஏட்டைக் கௌரவமாக வழியனுப்புகிறோம் என்றே அவர்கள் நினைத்திருப்பார்கள்.

மூன்றாவது உறுப்பு ரங்கநாதன் தந்தது. சீர்காழிக்காரர், மாநிலக் கல்லூரியில் கணக்கு வாத்தியார், 1924 ஜனவரியில் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் நூலகர் ஆனார். 1931இல் 'நூலக அறிவியலின் ஐந்து விதிகள்' வெளிவந்தது. நூல்கள் பயன்படுவதற்கே என்பது முதல் விதி. ஒவ்வொரு வாசகருக்கும் அவருடைய நூல் என்பது இரண்டாவது, ஒவ்வொரு நூலுக்கும் அதன் வாசகர் என்பது மூன்றாவது. நூலகப் படிப்பு படிக்கிற பிள்ளைகள் இந்த ஐந்தையும் பரீட்சைக்கு மனப்பாடம் செய்வதோடு விட்டுவிடுகிறார்கள். இரண்டாவது விதியை ரங்கநாதன் விரிக்கிற இடம்தான் அந்தப் புத்தகத்தின் உயிர். அவர் அதை இணை இணையாகப் பிரிக்கிறார்: மேட்டுக்குடியும் வெகுஜனமும், ஆணும் பெண்ணும், நகரத்தாரும் நாட்டுப்புறத்தாரும், உடல்நலம் உள்ளவரும் இல்லாதவரும், நிலத்தில் இருப்பவரும் கடலில் இருப்பவரும், பெரியவரும் குழந்தையும். ஒவ்வொரு இணையிலும் இரண்டாவது ஆளுக்கு நூல் எப்படி மறுக்கப்பட்டு வந்தது, எப்படிப் போராடிக் கிடைத்தது என்று சொல்கிறார்.

இன்றைக்கு வெளிநாட்டு நூலகத் தணிக்கைத் தாள் ஒன்றை எடுத்துப் பார்த்தால் அதிலுள்ள கட்டங்களில் பாதி இந்தப் பட்டியலில் இருக்கும். கடலில் இருப்பவருக்கு என்று ஒரு கட்டம் அந்தத் தாளில் இருக்குமா என்பது சந்தேகம். ரங்கநாதனிடம் இருக்கிறது. அதே 1931இல் மன்னார்குடிப் பக்கம் கனகசபைப் பிள்ளை மாட்டுவண்டியில் நூலகம் கட்டிக் கிராமம் கிராமமாக ஓட்டினார். விதி எழுதிய வருடமே வண்டியும் ஓடிற்று.

இப்போது அமெரிக்கா. அங்கே கேள்வி கேட்டது ஒரு குழந்தை. நியூயார்க்கில் மழலையர் பள்ளியில் படப்புத்தகம் பார்த்துக்கொண்டிருந்த ஐந்து வயதுக் கறுப்பினச் சிறுமி, இதில் ஏன் எப்போதும் வெள்ளைக்காரப் பிள்ளைகளே வருகிறார்கள் என்று கேட்டாள். அந்தக் கேள்வியைப் பிடித்துக்கொண்டவர் நான்சி லாரிக். வாசிப்புக் கல்வித் துறையில் பெரிய பொறுப்பில் இருந்தவர். 1962, 63, 64 ஆகிய மூன்று ஆண்டுகளில் வெளியான 5,206 குழந்தை நூல்களைப் பற்றி 63 பதிப்பகங்களிடம் கேட்டு வாங்கினார். அவற்றில் ஒரு கறுப்பின மனிதராவது தலைகாட்டியவை 349. நூற்றுக்கு 6.7. அவர்களில் பலரும் கதையின் ஓரத்தில் நிற்பவர்கள். 1965 செப்டம்பரில் 'சாட்டர்டே ரிவ்யூ' இதழில் கட்டுரை வந்தது. ஆதங்கமாக இருந்தது எண்ணாக மாறியதும் பதிப்பகங்களால் தட்டிக்கழிக்க முடியவில்லை.

இருபது வருடம் கழித்து, 1985இல், விஸ்கான்சின் பல்கலைக்கழகக் குழந்தை நூல் மையத்தில் மறுபடி எண்ணினார்கள். இம்முறை கேள்வி மாறியிருந்தது. கதையில் வருபவர் யார் என்று கேட்காமல் எழுதியவர், வரைந்தவர் யார் என்று கேட்டார்கள். அந்த ஆண்டு அமெரிக்காவில் வெளியான சுமார் 2,500 குழந்தை நூல்களில் கறுப்பினத்தவர் எழுதியவை, வரைந்தவை 18. அன்றிலிருந்து அந்த மையம் எண்ணுவதை நிறுத்தவில்லை. பன்மைத் தணிக்கை என்பது ஒரு தொழிலாக உருவானது இந்த வழியில்தான்.

ஒருவரைப் 'பற்றி' என்பதற்கும் ஒருவர் 'எழுதியது' என்பதற்கும் உள்ள தூரம் 1985இல் அமெரிக்காவுக்குப் புதிதாக இருந்திருக்கலாம். திருநெல்வேலிக்குப் புதிதல்ல. 1849இல் மிஷனரி ராபர்ட் கால்டுவெல் இந்த மாவட்டத்து நாடார் மக்களைப் பற்றி ஆங்கிலத்தில் ஒரு சிறு நூல் எழுதினார். தலைப்பிலேயே அவர்களை அன்று பிறர் வழங்கிய பெயரால் குறித்தார். அவர்களுடைய பூர்விகத்தையும் இயல்பையும் தாழ்த்திச் சொல்லும் பகுதிகள் அதில் இருந்தன. படித்த நாடார் கிறிஸ்தவர்கள் கொதித்தார்கள். முன்னால் நின்றவர் அருமைநாயகம் சட்டம்பிள்ளை. மிஷன் பள்ளியில் படித்து, மிஷனோடு மோதி, 1857இல் வெள்ளைக்காரர் சார்பில்லாத இந்துக் கிறிஸ்தவச் சபை ஒன்றையே தொடங்கிவிட்டவர். எதிர்ப்பு பல்லாண்டு நீடித்தது, கால்டுவெல் பிற்பாடு அந்த நூலைப் புழக்கத்திலிருந்து விலக்கிக்கொள்ள நேர்ந்தது.

ஒரு நூலகத்தில் தணிக்கை செய்பவர் இந்த நூலைக் கையில் எடுத்தால் 'நாடார்: 1' என்று குறிப்பார். கட்டம் நிரம்பிவிடும். எந்த மக்கள் அந்த நூலை எதிர்த்து நின்றார்களோ அவர்கள் பேரிலேயே அது வரவு வைக்கப்படும்.

திராவிட மொழிகளுக்கு ஒப்பிலக்கணம் எழுதிய அதே கால்டுவெல்தான் இதையும் எழுதினார் என்பதைச் சொல்லாமல் விடுவதும் நியாயமில்லை. இரண்டுமே நூலகத்தில் இருக்க வேண்டும், பக்கத்தில் சட்டம்பிள்ளை தரப்பும் இருக்க வேண்டும்.

கடற்கரையில் இதன் இன்னொரு வடிவத்தைக் காணலாம். வண்ணநிலவனின் 'கடல்புரத்தில்' மணப்பாட்டுப் பரதவர் வாழ்க்கையைச் சொல்கிற அருமையான நாவல். எழுதியவர் கடற்கரையில் பிறந்தவரல்ல. பல ஆண்டு கழித்து உவரியில் பிறந்த ஜோ டி குருஸ் 'ஆழி சூழ் உலகு' எழுதினார், பிறகு 'கொற்கை'. அதற்கு 2013இல் சாகித்திய அகாதெமி விருது வந்தது. பரதவர் கட்டத்தில் மூன்றையும் கூட்டி மூன்று என்று போடலாம். ஆனால் வலை இழுத்த வீட்டுப் பிள்ளை எழுதியதையும் கரையிலிருந்து பார்த்து எழுதியதையும் தனித்தனியே குறிக்காத கணக்கு எனக்கு அரைக்கணக்காகத்தான் படுகிறது. எது நல்ல நாவல் என்பது வேறு வழக்கு. அதைத் தணிக்கைத் தாளில் தீர்க்க முடியாது.

இனி பாளையங்கோட்டைக்கு வருவோம். நான்குநேரியில் 1917இல் பிறந்த நா. வானமாமலை அரசுப் பள்ளி வேலையை விட்டுவிட்டுப் பாளையங்கோட்டையில் டுடோரியல் கல்லூரி நடத்தினார். கம்யூனிஸ்ட். பரீட்சையில் தோற்ற பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிப் பிழைத்தவர், மீதி நேரத்தில் ஒரு பல்கலைக்கழகத் துறை செய்ய வேண்டியதைச் செய்தார். நெல்லை ஆய்வுக் குழுவைக் கூட்டினார், 1969இல் 'ஆராய்ச்சி' என்ற இதழைத் தொடங்கினார்.

தமிழ் அலமாரியில் நடவுப்பெண் இல்லை, வண்டிக்காரர் இல்லை, ஒப்பாரி வைக்கிற பாட்டி இல்லை என்று அவருக்குத் தெரிந்தது. அவர்களிடம் இலக்கியம் ஏராளமாக இருந்தது. தாளில்தான் இல்லை. எஸ்.எஸ். போத்தையா, எஸ்.எம். கார்க்கி, கு. சின்னப்ப பாரதி போன்றவர்கள் ஊர் ஊராகக் கேட்டு எழுதி அனுப்பினார்கள். 1960களில் 'தமிழர் நாட்டுப்பாடல்கள்' தொகுப்பு வந்தது. கட்டத்தில் பூஜ்யம் வந்தால் அமெரிக்க நூலகர் பதிப்பக விலைப்பட்டியலைப் புரட்டுவார். இங்கே புரட்ட எந்தப் பட்டியலும் இல்லை. புத்தகத்தையே உண்டாக்க வேண்டியிருந்தது.

அதைவிடப் பெரிய காரியம் முத்துப்பட்டன் கதை. பாபநாசத்து மலையடிவாரத்தில் நடந்ததாகச் சொல்லப்படும் கதை, சொரிமுத்து அய்யனார் கோயிலுக்குப் போகிறவர்களுக்குத் தெரியாமல் இருக்காது. பிராமணனான முத்துப்பட்டன் சக்கிலியர் குலத்துப் பொம்மக்கா, திம்மக்கா என்ற அக்கா தங்கை இருவரையும் விரும்பி, பூணூலை அறுத்து, செருப்புத் தைக்கக் கற்று, மாமனாரின் மாடுகளைக் காக்கப் போய்ச் சாகிறான். கொடை விழாவில் வில்லுப்பாட்டாகப் பாடுவார்கள். பாடுகிற இடத்துக்கு இடம் ஒரு மாற்றம் இருந்தது. அந்தப் பெண்கள் பிறப்பில் பிராமணப் பிள்ளைகள், காட்டில் கிடந்தவர்களைச் சக்கிலியர் எடுத்து வளர்த்தார் என்று ஒரு வடிவம். வானமாமலை வடிவங்களை ஒப்பிட்டுப் பார்த்து, இது பிற்காலத்து ஒட்டு என்று காட்டினார். சாதி மீறிய கல்யாணத்தை ஏற்க மனமில்லாதவர்கள், கதையை விடவும் மனமில்லாமல், பிறப்பை மட்டும் மாற்றிவிட்டார்கள். 1971இல் மதுரைப் பல்கலைக்கழகம் அவர் பதிப்பை வெளியிட்டது.

இதில் எனக்குப் படுவது இதுதான். இரண்டு வடிவத்திலும் அருந்ததியர் (கதையில் சக்கிலியர்) வருகிறார்கள். எண்ணினால் இரண்டும் ஒன்றுதான். எந்த வடிவம் அலமாரியில் நிற்கிறது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. அதைக் கண்டுபிடிக்கக் கதையை நான்கு பேர் பாடிக் கேட்டிருக்க வேண்டும்.

வானமாமலை 1980இல் காலமானார். பாளையங்கோட்டை தூய சவேரியார் கல்லூரியில் நாட்டார் வழக்காற்றியல் தனித் துறையாக வளர்ந்ததற்கு பேராசிரியர் லூர்து பாடுபட்டார் என்றாலும், அதற்கு மண் பதப்பட்டது முன்பே.

சரி, இன்றைக்குத் தாமிரபரணிப் பக்கத்து நூலகம் ஒன்றில் இந்தத் தணிக்கையைச் செய்வதாக வைத்துக்கொள்வோம். அமெரிக்கத் தாளை அப்படியே எடுத்து வர முடியாது. முதல் முட்டுக்கட்டை பெயர். அங்கே எழுத்தாளரின் குடும்பப் பெயரை வைத்தே ஓரளவு ஊகிப்பார்கள். இங்கே 1929 செங்கல்பட்டு சுயமரியாதை மாநாட்டுக்குப் பிறகு பெயருக்குப் பின்னால் இருந்த வால் மெல்ல மெல்ல உதிர்ந்துவிட்டது. அது நல்ல காரியம், அதனாலேயே இந்தக் கணக்கு கஷ்டம். எழுத்தாளருக்கு போன் போட்டு உங்கள் சாதி என்ன என்று நூலகர் கேட்க முடியுமா? கேட்கக் கூடாது என்பது என் கட்சி. அவரே எழுதி வெளிப்படுத்தியிருந்தால் குறிக்கலாம், இல்லையென்றால் கட்டம் காலியாகவே கிடக்கட்டும்.

புனைபெயரும் சேர்ந்து குழப்பும். சுஜாதாவைப் பெண் எழுத்தாளர் வரிசையில் சேர்த்துவிட ஒரு விநாடி போதும். நெல்லையிலோ இன்னும் வேடிக்கை. சிறுகதை அலமாரியில் வண்ணதாசன், கவிதை அலமாரியில் கல்யாண்ஜி, இருவரும் விமர்சகர் தி.க.சி.யின் மகனான ஒரே ஆள். வண்ணதாசனையும் வண்ணநிலவனையும் ஒருவராக நினைப்பவர்களும் உண்டு, அவர்கள் இரண்டு பேர். ஊர்க்காரர் ஒருவர் பக்கத்தில் இல்லாமல் நெல்லை அலமாரியை எண்ணவே கூடாது.

சமயக் கட்டம் இன்னொன்று. டூயி என்ற அமெரிக்கர் 1876இல் வகுத்த எண்முறையில் சமயத்துக்கு 200 முதல் 299 வரை. அதில் பெரும்பகுதியைக் கிறிஸ்தவம் எடுத்துக்கொண்டது, உலகத்தின் பிற சமயங்கள் அத்தனையும் 290களில் நெருக்கியடித்து உட்கார்ந்தன. தமிழ் இலக்கியத்துக்கு 894.811 என்று புள்ளிக்குப் பின்னால் ஓர் இடம். அகிலத்திரட்டு இந்து சமயத்தோடு போகுமா, தனிச் சமயமா என்பதில் அய்யாவழியினருக்குள்ளேயே இரண்டு கருத்து உண்டு. நூலகர் ஏதாவது ஓர் எண் கொடுத்தாக வேண்டும், கொடுத்த மாத்திரத்தில் ஒரு பக்கம் சேர்ந்துவிடுவார். காயல்பட்டினத்து அரபுத்தமிழ் நூல்களும் அப்படித்தான். மொழி தமிழ், எழுத்து அரபு. அரபு அலமாரியில் வைத்தால் தமிழ் வாசகர் கைக்கு வராது, தமிழ் அலமாரியில் வைத்தால் எடுத்தவர் திகைப்பார். சீறாப்புராணத்தை 1842இல் அச்சுக்குக் கொண்டுவந்தவர் காயல்பட்டினத்துப் புலவர். அது தமிழ் எழுத்தில் இருந்ததால் தப்பித்தது.

உழைப்புக் கட்டம் ஒன்றையும் நாமே வரைய வேண்டும். பனையேறி, பீடித் தொழிலாளி, உப்பளத் தொழிலாளி, மாஞ்சோலைத் தேயிலைத் தொழிலாளி. 1999 ஜூலை 23 அன்று மாஞ்சோலைக்காரர்களுக்காக நடந்த ஊர்வலத்தில் போலீஸ் தடியடிக்குத் தப்பித் தாமிரபரணியில் இறங்கியவர்களில் 17 பேர் செத்தார்கள். கொக்கிரகுளத்துக் கரையில் அது நடந்தது. அதைப் பற்றி அலமாரியில் என்ன இருக்கிறது என்று தேடினால் ஒரு நூலகத்தின் துணிச்சலும் கூடவே தெரிந்துவிடும். பாபநாசத்துக்கு மேலே காரையாறு பக்கம் வாழும் காணி மக்களுக்கு இந்தக் கணக்கில் பூஜ்யம்தான் வரும். அவர்களைப் பற்றிய ஆராய்ச்சிக் கட்டுரைகள் உண்டு, மூலிகை அறிவைப் பற்றியே பெரும்பாலும். அவர்களுடைய பாட்டும் பேச்சும் ஒலிப்பதிவாகத்தான் நூலகத்துக்குள் வர முடியும். நூலகச் சேகரிப்பு என்றால் தாள் மட்டும்தான் என்று பிடிவாதம் பிடித்தால் அந்தப் பூஜ்யம் பூஜ்யமாகவே இருக்கும்.

எழுதியவர் பக்கத்துக் கணக்கு இவ்வளவு. படிப்பவர் பக்கத்திலும் பாளையங்கோட்டைக்கு ஒரு முன்கதை உண்டு. 1890இல் மிஸ் ஆஸ்க்வித் என்ற மிஷன் பெண்மணி இங்கே பார்வையற்றோருக்குப் பள்ளி தொடங்கினார். இந்தியாவின் மிகப் பழைய பள்ளிகளில் ஒன்று. ஏழு வருடத்தில் பிளாரன்ஸ் ஸ்வெய்ன்சன் செவித்திறன் அற்றோருக்கும் பள்ளி தொடங்கிவிட்டார். விரலால் தமிழ் படிக்கிறவர்கள் ஒரு நூற்றாண்டுக்கு மேலாக நடமாடுகிற ஊர் இது. பிரெயிலில் ஒரு நாவல் பல தொகுதியாகப் பருத்துவிடும், அச்சிட ஆள் வேண்டும், அடுக்க இடம் வேண்டும். போதாததற்குப் பதிப்புரிமைச் சட்டம் வேறு குறுக்கே நின்றது. 2012இல் இந்தியா அந்தச் சட்டத்தைத் திருத்தியது, பார்வையற்றோருக்காக நூலை வேறு வடிவத்துக்கு மாற்ற உரிமையாளரிடம் அனுமதி கேட்க வேண்டியதில்லை என்று ஆயிற்று. மறு ஆண்டு மராகேஷ் நகரில் இதற்கென்றே உலக ஒப்பந்தம் உருவாயிற்று. அதை 2014இல் முதலில் ஏற்ற நாடு இந்தியா. இப்போது தடை சட்டத்தில் இல்லை. புதுமைப்பித்தன் கதைகளை ஒலிநூலாகவோ பிரெயிலாகவோ கேட்டு ஒருவர் வந்தால் கொடுக்க முடிகிறதா என்பதைத் தணிக்கைத் தாளின் முதல் வரியிலேயே போடலாம்.

ஊர் அலமாரியில் இல்லாத நூல் என்றால் புன்னைக்காயலையும் சொல்லிவிடுகிறேன். தாமிரபரணி கடலில் கலக்கிற இடம். 1586இல் அண்ட்ரிக் அடிகளாரின் 'அடியார் வரலாறு' அச்சானது அங்கேதான் என்று அறிஞர் பலரும் கொள்கிறார்கள். செலவுக்குப் பணம் தந்தவர்கள் முத்துக்குளித்துறைப் பரதவர்கள். அவர்கள் காசில் அவர்கள் ஊரில் பிறந்த அந்த நூலின் பிரதியைத் தனிநாயகம் அடிகள் 1954இல் கண்டெடுத்த இடம் வத்திக்கான் நூலகம். 1967இல் இராசமாணிக்கம் அடிகளார் தூத்துக்குடியில் மறுபதிப்புச் செய்தார். பழைய புத்தகக் கடைக்குப் போகிற நூலகர்கள் அந்த மறுபதிப்பையும் தங்கள் பட்டியலில் எழுதி வைத்துக்கொள்ளலாம்.